வரட்டுமா?

எங்கள் குடும்பத்தில் யாராவது பேய், ஆவி என்று ஆரம்பித்தால் நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன். பயத்தில் அல்ல, அலுப்பில். பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவள், கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் ஜோகூரில் ஸ்கூடாய் ஊரில் ஒரு டியூஷன் சென்டரில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். மாணவர்கள் யாராவது "டீச்சர், எங்க கம்பத்துல ஒரு மரம் இருக்கு" என்று கிராமத்துப் பேய்க் கதையை இழுத்தால், "அந்த மரத்துல ஒளிச்சேர்க்கை எப்படி நடக்குது, அதச் சொல்லு" என்று வாயடைத்தவள். அதனால் நான் எழுதப்போவதை நீங்கள் நம்பவில்லை என்றால் எனக்குக் கோபம் வராது. நானே பாதி நாள் நம்புவதில்லை. உங்களில் மின்சார வேலை தெரிந்தவர் யாராவது இருந்து, இதற்கு இன்ன காரணம் என்று சொன்னால் கேட்டுக்கொள்வேன். கேட்டுக்கொள்வேனா என்பதும் இப்போது எழுதும்போது சந்தேகமாகத்தான் இருக்கிறது.

என் மகள் நேத்ரா மாதம் நிறையாமல் பிறந்தவள். நுரையீரல் வளர இன்னும் நாளாகும் என்று ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்கு அனுப்பும்போது ஆக்சிஜன் மெஷினோடுதான் அனுப்பினார்கள். குழந்தையின் மூக்கில் மெல்லிய குழாய். குழாயின் மறுமுனையில், பயணப் பெட்டி அளவில் ஒரு மெஷின். அறைக் காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும். முன்பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் புட்டி இருக்கும், அதில் ஓயாமல் குமிழி வரும். அந்தக் குபுகுபு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கு உயிர் இருக்கும். சத்தம் கொஞ்சம் மாறினாலும் சமையலறையிலிருந்து ஓடி வந்துவிடுவேன். மெஷின் ஓடுவது கரண்டில். கரண்டு போனால்?

அந்தக் கேள்வியை என் கணவர் லோகனிடம்தான் முதலில் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அவர் வேலையே அதுதான். கூலாய்ப் பக்கம் இப்போது வரிசையாக டேட்டா சென்டர்கள் எழும்பியிருக்கின்றன அல்லவா, அதில் ஒன்றில் அவர் யூ.பி.எஸ் பிரிவில் டெக்னீஷியன். வெளியே கரண்டு போனாலும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்குக் கண்ணிமைக்கும் நேரம்கூட நிற்கக்கூடாது, அதற்காக அறை அறையாக பேட்டரி வைத்துக் காவல் காக்கிறார்கள்.

"யாரோ ஒருத்தன் பாக்குற வீடியோ நிக்கக்கூடாதுன்னு அவ்ளோ பெரிய ஏற்பாடு பண்ணி வச்சிருக்கான், கோகி. எம்மக மூச்சுக்கு ஒண்ணு வேணாமா?" என்று கேட்டார்.

ஓர் அலுவலகத்தில் கழித்துப்போட்ட யூ.பி.எஸ் ஒன்றை வாங்கி வந்தார். உள்ளே சுத்தம் செய்து, புதிய பேட்டரிகளைத் தனிப்பெட்டியில் அடுக்கி, கட்டை விரல் தடிமனுள்ள கேபிளால் இணைத்து, ஹாலின் மூலையில் குழந்தையின் தொட்டிலுக்கு அருகில் வைத்தார். கேபிளின் முனையில் சாம்பல் நிறத்தில் ஒரு கனெக்டர், அதைப் பிடித்து இழுத்தால் பேட்டரி தனியாகக் கழண்டுவிடும். இது கதைக்கு முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டிக்கு எங்கள் வீட்டில் சட்டதிட்டங்கள் இருந்தன. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும். அதன் மேல் துணி மடித்து வைக்கக்கூடாது. அதில் ரைஸ் குக்கர் சொருகக்கூடாது. என் மாமியார் இந்த மூன்றையும் முறை வைத்து மீறுவார். பாலோ என்ற ஊரில் தோட்டத்து வீட்டில் வளர்ந்தவர், நேத்ரா பிறந்த பிறகு எங்களோடு வந்து தங்கிவிட்டார்.

"அதுவும் மூச்சு விடணும்மா. மேல துணியப் போட்டு அமுக்குனா எப்படி விடும்?" என்பார் லோகன்.

"நீ சம்பாரிக்கிற லட்சணத்துக்கு ஒரு அலமாரி வாங்கிப் போட்டிருந்தா நான் ஏன்டா இதுல வைக்கிறேன்?" என்பார் அத்தை.

மாதா மாதம் பராமரிப்பு உண்டு. முதலில் ஒரு சுவிட்சைத் திருப்பினால் ஆக்சிஜன் மெஷின் நேராகச் சுவர்க் கரண்டில் ஓடும். பிறகு கனெக்டரைக் கழற்றி, விசிறியில் படிந்த தூசியைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, மறுபடியும் மாட்டி, சுவிட்சைத் திருப்ப வேண்டும். கடைசியாகச் சுவர் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து, பேட்டரி தாங்குகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். இதை அவர் தனியாகச் செய்ய மாட்டார். அவர்கள் வேலையிடத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் செய்யப்போவதை வாய்விட்டுக் கேட்க வேண்டும், இன்னொருவர் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும், பதில் காதில் விழுந்த பிறகுதான் கை நகர வேண்டும். வீட்டில் அந்த இன்னொருவர் நான்.

முதல் தடவை அவர் பிளக்கில் கை வைத்து "போகட்டுமா?" என்று கேட்டார். கரண்டு போகட்டுமா என்று அர்த்தம். நான் "போகட்டும்" என்றேன். சமையலறையிலிருந்து அத்தை கரண்டியோடு வந்துவிட்டார்.

"மூக்குல குழாய் மாட்டுன புள்ளய பக்கத்துல வச்சிக்கிட்டு, போகட்டும் போகட்டும்னு என்னடா பேச்சு இது? ரெண்டு பேருமே படிச்சவங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வாசல் தாண்டும்போதுகூட நாம் 'போகிறேன்' என்று சொல்வதில்லையே. அன்றிலிருந்து வார்த்தையை மாற்றிக்கொண்டோம். பேட்டரி வரட்டுமா, வரட்டும். கரண்டு வரட்டுமா, வரட்டும். நாளடைவில் அது வெறும் "வரட்டுமா?" ஆகிவிட்டது. லோகன் வேலைக்குக் கிளம்பும்போது வாசல் கிரில் அருகே தாழ்வான காலணி அலமாரியில் உட்கார்ந்து பாதுகாப்பு பூட்ஸ் மாட்டுவார். மாட்டி முடித்து எழுந்து எல்லாரும் கேட்பதைப்போல "வரட்டுமா?" என்பார். நான் "போயிட்டு வாங்க" என்று சொல்லாமல், அவரே ஒரு பேட்டரி என்பதுபோல "வரட்டும்" என்பேன். அசட்டு விளையாட்டுதான். புதிதாகக் கல்யாணமானவர்கள் செய்வது. நாங்கள் கல்யாணமாகி நாலு வருஷம் ஆன பிறகும் செய்துகொண்டிருந்தோம்.

ஒரு காலை அப்படிக் கேட்டுவிட்டுப் போனவர்தான், நெடுஞ்சாலையில் மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, வரவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. ஒன்றை மட்டும் எழுத வேண்டும். அன்று நான் நேத்ராவுக்குக் குழாயைச் சரி செய்துகொண்டே "வரட்டும்" என்றேன். சொன்னேன், அது நிச்சயம். ஆனால் நான் சொன்ன அதே நேரத்தில் வெளியே மோட்டார் ஸ்டார்ட் ஆனது. என் பதில் அவர் காதில் விழுந்ததா என்பது எனக்குத் தெரியாது. பதில் காதில் விழுந்த பிறகுதான் நகர வேண்டும் என்று சொன்னவர் அவர். இரவில் கண் விழித்துப் படுத்திருக்கும்போது அந்த இரண்டு சத்தத்தில் எது முந்தியது என்று மறுபடியும் மறுபடியும் ஓட்டிப் பார்ப்பேன். சில நாள் என் குரல் முந்தும், சில நாள் மோட்டார் முந்தும்.

அதன் பிறகு பராமரிப்பு என் பொறுப்பு. லோகனோடு வேலை செய்த நண்பர் சுரேன் தானே வந்து செய்வதாகச் சொன்னார், ஆனால் அவருக்கும் ஷிஃப்ட் வேலை, எனக்கும் வேறொருவர் அந்தப் பெட்டியைத் தொடுவது பிடிக்கவில்லை. நானே செய்தேன். லோகன் செய்த அதே வரிசை, அதே பிரஷ். ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல "வரட்டுமா?" என்று கேட்பேன். பதில் வராது என்பது தெரியும். ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டு அப்புறம் செய்வேன். இது பைத்தியக்காரத்தனமா என்று தெரியவில்லை. வீட்டில் யாரோடும் பகிர முடியாத ஒரே பேச்சு எனக்கு அதுதான் இருந்தது. அந்த மூச்சு நேரத்துக்காகவே மாதம் முடிவதற்கு முன்பே தூசி தட்டிய மாதங்களும் உண்டு.

இனி அந்த நாள்.

காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. சமைத்து முடித்துவிட்டுப் பெட்டியருகே உட்கார்ந்தேன். துடைக்கும்போது அது கீக் கீக் என்று கத்திக் குழந்தையை எழுப்பும் என்பதால் முதலில் அலாரம் சத்தத்தை அணைத்தேன். சுவிட்சைத் திருப்பினேன், கனெக்டரைக் கழற்றிப் பேட்டரிப் பெட்டியின் மேல் வைத்தேன், பிரஷ்ஷால் தூசி தட்டி, அதையும் கனெக்டர் மேல் குறுக்கே போட்டேன். கனெக்டரை மாட்ட வேண்டும். வழக்கம்போல "வரட்டுமா?" என்று கேட்டேன்.

அன்றைக்குக் கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன்போல. பின்கட்டிலிருந்து பதில் வந்தது.

"எங்கம்மா போற? வானத்தப் பாத்தியா, கருத்துக்கிட்டு வருது. போறதுன்னா துணிய எடுத்து உள்ள போட்டுட்டுப் போ."

அத்தை நான் வெளியே கிளம்புகிறேன் என்று நினைத்துவிட்டார். வேறு எந்த மொழிக்காரிக்கும் இந்தத் தப்பு நேர்ந்திருக்காது என்று பிறகு நினைத்துக்கொண்டேன். "எங்கயும் போகல அத்தை" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனேன். துணிகளை எடுத்தோம், மடித்தோம், அதற்குள் நேத்ரா எழுந்து அழுதாள், பால் கொடுத்தேன், துப்பினாள், உடுப்பு மாற்றினேன். நடுவில் ஒரு தரம் ஹாலுக்கு வந்தபோது சுவிட்ச் இன்னும் திரும்பியபடியே இருப்பதைப் பார்த்து அதைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்தேன். கனெக்டரைப் பார்க்கவில்லை. அல்லது மாட்டிவிட்டதாக நினைத்தேன். முன்பக்கத்தில் பேட்டரிக்கு ஒரு சிவப்பு விளக்கு எரிந்திருக்கும், ஆனால் அந்த வெளிச்சம் குழந்தையின் கண்ணில் படுகிறது என்று நான் எப்போதோ அங்கே ஒரு சின்னத் துண்டைத் தொங்கவிட்டிருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மழை பிடித்தது. ஜோகூர் மழையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எதிர் வீடு தெரியாது. இடி ஒன்று தலைக்கு மேலே விழுந்தது போல் இருந்தது, எங்கள் தாமான் குடியிருப்பு முழுவதும் கரண்டு போய்விட்டது.

நான் பதறவில்லை. யூ.பி.எஸ் இருக்கிறதே. மின்விசிறி சுற்றி ஓயும் சத்தத்தைக் கேட்டபடி தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, குபுகுபு சத்தமும் இல்லை. ஆக்சிஜன் மெஷின் ஒரு நீள ஊளை ஊளையிட்டு நின்றது.

யூ.பி.எஸ் பொத்தானை அமுக்கினேன். அமுக்கிப் பிடித்தேன். ஒன்றுமில்லை. அவசரத்துக்கு என்று ஒரு சிலிண்டர் வைத்திருந்தோம், முதல் நாள் கிளினிக் போய் வந்ததில் அது அநேகமாகத் தீர்ந்திருந்தது, மாற்றுச் சிலிண்டர் சாயங்காலம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் அதைத் திறந்தேன். உஸ்ஸென்று கொஞ்சம் வந்தது, அப்புறம் அதுவும் அடங்கியது. நேத்ராவின் கால் விரலில் மாட்டியிருந்த சின்னக் கருவியில் எண் இறங்கத் தொடங்கியது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும். மூக்கின் இரு பக்கமும் விரிய, நெஞ்சு உள்ளே இழுத்து இழுத்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, கார் சாவி, கார் சாவி" என்று கத்தினேன். தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். அந்த மழையில், சாலை முழுவதும் சிக்னல் விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில், ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட மனம் மறுத்தது. குனிந்தவள், ஏனென்று தெரியவில்லை, கடைசியாக ஒருமுறை யூ.பி.எஸ் பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்தேன். அடிப்பதற்கா, கெஞ்சுவதற்கா, தெரியாது.

அப்போது என் பின்னால், வாசல் கிரில் பக்கம், காலணி அலமாரி இருக்கும் இடத்திலிருந்து, "வரட்டுமா?" என்று கேட்டது.

கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரல், காற்றில் மிதக்கும் குரல் என்றெல்லாம் சொல்வார்களே, அப்படி எதுவும் இல்லை. சாதாரணக் குரல். பூட்ஸ் மாட்டி முடித்து நிமிர்கிறவருக்கு வருகிற லேசான மூச்சிரைப்புடன். அவ்வளவு மழைச் சத்தத்திலும் அதற்கென்று குரலை உயர்த்தாமல்.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பயந்திருப்பேன். என் வாய் பழக்கத்தில், அந்த வீட்டில் எத்தனையோ காலையில் சொன்ன அதே தொனியில் "வரட்டும்" என்றது.

உள்ளே டக்கென்று ஒரு சத்தம். கைக்கு அடியில் பெட்டி அதிர்ந்தது. விசிறி சுற்றத் தொடங்கி என் கணுக்காலில் வெதுவெதுப்பாகக் காற்று பட்டது. ஆக்சிஜன் மெஷின் இருமிக்கொண்டு கிளம்பியது, புட்டியில் முதலில் ஒரு குமிழி, பிறகு இரண்டு, பிறகு குபுகுபு.

அத்தை சாவியோடு ஓடி வந்தார்.

"யார வரட்டும்ங்கற? யாரு வந்திருக்கா?"

"பேட்டரி, அத்தை" என்றேன். "பேட்டரிதான் வந்துருச்சு."

அவர் கிரில் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு தொட்டிலருகே உட்கார்ந்து பேத்தியின் பாதத்தைத் தடவிக்கொடுக்க ஆரம்பித்தார். எண் மெல்ல ஏறியது. வெளியே எதிர் வீட்டுச் சீன ஆன்ட்டி "அலமாக், இன்னும் கரண்ட் இல்ல" என்று மலாயில் யாரிடமோ கத்துவது கேட்டது. ஆக, எங்கள் வீட்டுக்கு மட்டும் கரண்டு வந்துவிடவில்லை. அது நிச்சயம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தேன். பெட்டியின் மேல் கை வைத்தபடி, வாசலுக்கு முதுகைக் காட்டியபடி. திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் தினமும் கேட்டுக்கொள்கிறேன். திரும்பி, அங்கே யாரும் இல்லை என்றால் மெஷின் நின்றுவிடும் என்று தோன்றியது. அது ஒரு காரணம். இன்னொன்று, அங்கே யாரும் இல்லை என்பதை இன்னொரு தடவை தெரிந்துகொள்ள எனக்குத் தெம்பு இல்லை. திரும்பாமல் இருக்கும்வரை அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். மழை பெய்தது, குழந்தை தூங்கினாள், அவருடைய அம்மா குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார், நாங்கள் எல்லாரும் வீட்டில் இருந்தோம். கேட்க எவ்வளவோ இருந்தது. அவர் கடைசியாகக் கிளம்பிய அன்று காலை நான் சொன்னது கேட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நிஜமாகச் சொல்கிறேன், மழை விடக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மூக்கில் குழாயோடு குழந்தையை வைத்துக்கொண்டு கரண்டு வரக்கூடாது என்று வேண்டிய தாய் நானாகத்தான் இருப்பேன்.

கரண்டு வந்தது. மின்விசிறி சுழன்றது. அப்போது திரும்பினேன். அலமாரி, அதில் எங்கள் செருப்புகள், மழைச் சாரலில் நனைந்த கால்மிதி. வேறொன்றுமில்லை.

குழந்தையின் பக்கம் திரும்பும்போது அந்தத் துண்டு கண்ணில் பட்டது. எடுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால், பின்னால் இருந்த பேட்டரிப் பெட்டியின் மேல், காலையில் நான் வைத்த அதே இடத்தில் சாம்பல் நிறக் கனெக்டர் கிடந்தது, கழண்டபடியே. அதன் மேல் குறுக்காகப் பெயின்ட் பிரஷ், மயிரில் தூசிக் கொத்து ஒட்டியபடி.

மறுநாள் காலையிலேயே சுரேன் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், குரலைத் தவிர. கடைசியில் அதையும் சொல்லிவிட்டேன்.

"அண்ணி, சான்ஸே இல்ல. இது கழண்டு கெடந்தா கரண்டு போன செகண்டே மெஷின் அவுட். பாக்குறீங்களா?"

ஆக்சிஜன் மெஷினைச் சுவரில் சொருகிவிட்டு, யூ.பி.எஸ்ஸில் ஒரு மேஜை விளக்கை மாட்டி, கனெக்டரைக் கழற்றி, சுவர் பிளக்கைப் பிடுங்கினார். விளக்கு பட்டென்று அணைந்தது. மாட்டிவிட்டுப் பிடுங்கினார், எரிந்தது. மறுபடி கழற்றினார், அணைந்தது.

"நீங்க பதட்டத்துல மாட்டியிருப்பீங்க. கரண்டு வந்தப்புறம் நீங்களே கழட்டியிருப்பீங்க. மனுஷனுக்கு ஞாபகம் இருக்காது லா, எங்களுக்கே நடக்கும்."

"இருக்கலாம்" என்றேன். இருக்கலாம்தான். ஆனால் மாட்டிக் கழற்றியவள், தூசி உதிராமல் அந்தப் பிரஷ்ஷையும் பழையபடி குறுக்கே வைத்திருப்பேனா?

அவர் சூழ்நிலையை இலகுவாக்க நினைத்தார். "அப்படியே லோகன்தான் வந்து கரண்டு குடுத்தான்னு வச்சுக்குங்க, எங்க ஷிஃப்டுக்கும் கொஞ்சம் வரச் சொல்லுங்க அண்ணி. அவன் போனதுலேருந்து ஆள் பத்தல." சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, ஸ்குரூ டிரைவரைப் பையில் வைப்பதில் மும்முரமானார். பிறகு வாசலுக்குப் போய் ஷூ மாட்டினார், எழுந்தார், எல்லாரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

"சரி அண்ணி, வரட்டுமா?"

இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது சுரேன் "ஓகே அண்ணி, ஜும்பா லாகி" என்று மலாயில்தான் விடைபெறுகிறார். எதையும் நம்பாத ஆள் அவர்.

அத்தையிடம் குரலைப் பற்றிச் சொல்ல எனக்குச் சில நாள் பிடித்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நம்ப மாட்டார், அல்லது அழுவார், அல்லது பூசாரியைக் கூப்பிட வேண்டும் என்பார் என்று நினைத்துப் பயந்தேன். அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒன்றே ஒன்று கேட்டார்.

"குரலு நல்லாருந்துச்சா?"

"நல்லாருந்துச்சு அத்தை. எப்பவும்போல."

ஆய்ந்த கீரையை முறத்தின் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, "நானும் பக்கத்துலதான இருந்தேன். என்னை ஒரு வார்த்த கூப்ட்டிருக்கலாம்ல" என்றார். அது எனக்குச் சொன்னதா, தன் மகனுக்குச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை.

நேத்ரா தேறிவிட்டாள். நுரையீரல் வளர வளர ஆக்சிஜனைக் குறைத்து, ஒருநாள் குழாயையும் எடுத்துவிட்டார்கள். கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடம் மட்டும் கொஞ்ச நாள் வெளுத்துத் தெரிந்தது. மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். யூ.பி.எஸ் அதே மூலையில்தான் இருக்கிறது. இப்போது அதில் வைஃபை பெட்டியும் குழந்தையின் இரவு விளக்கும் மட்டும் ஓடுகின்றன. அவற்றுக்கு அவ்வளவு பெரிய பேட்டரி தேவையில்லை என்று சுரேன் சொல்கிறார். பேட்டரி பழசானபோது நான் புதிதாக வாங்கி மாற்றினேன். மாதா மாதம் தூசி தட்டுகிறேன். ஆனால் வாய் திறப்பதில்லை. அந்த நாளுக்குப் பிறகு அந்த வார்த்தையை நான் வீட்டில் சொன்னதே இல்லை. கேட்டு, பதில் வந்துவிடுமோ என்றா, வராமல் போய்விடுமோ என்றா, அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும் புரியாமல் இருந்தது. அது வந்தவர் கேட்டதா, கிளம்புகிறவர் கேட்டதா? நம் தமிழில் இரண்டுக்கும் அதே வார்த்தைதானே. பேட்டரிக்காகக் கேட்டாரா, அல்லது அன்று காலை காதில் விழாத பதிலை வாங்கிக்கொண்டு போக வந்தாரா? பதில் கிடைத்துவிட்டது, இனி வர மாட்டார் என்று சில நாள் ஒரு மனம் சொல்லும். அந்த நாட்களில் நான் இதையெல்லாம் நம்பாத பழைய அறிவியல் டீச்சர். அதுதான் எனக்கு வசதியும்கூட.

இப்போது நேத்ரா பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அம்மா, பாட்டி, பால், 'மியாவ்' என்று எதிர் வீட்டுப் பூனை. போன வாரம் சாயங்காலம் நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஹாலில் தனியாக நின்றிருந்தாள், யூ.பி.எஸ் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியவள், அதில் அதிசயம் இல்லை. கிரில் பக்கம், காலணி அலமாரியைப் பார்த்தபடி, யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தாள். பிறகு தெளிவாக, ரொம்பவும் மரியாதையாகச் சொன்னாள்.

"வட்டும்."

வரட்டும். கேள்வியை அல்ல, பதிலை. இந்த வீட்டில் அந்தப் பதிலைச் சொன்னவள் நான் ஒருத்திதான், அதுவும் அவள் தொட்டிலில் கிடந்த காலத்தில். அத்தை "போயிட்டு வா" என்றுதான் சொல்வார். டி.வி.யில் கேட்டிருக்கலாம். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம். வேறு ஏதாவது வார்த்தையாகவும் இருக்கலாம், குழந்தை மொழிதானே.

நான் கையில் சோப்பு நுரையோடு, மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றேன். வெளியே ஒரு மோட்டார் போயிற்று, குழாயில் தண்ணீர் சொட்டியது. எவ்வளவு கூர்ந்து கேட்டும் அவளிடம் என்ன கேட்கப்பட்டது என்பது எனக்கு மட்டும் கேட்கவில்லை.